அரிப்பும் தேய்வும் கைகோக்கும்போது: எண்ணெய்க் குழாய்களைக் காக்கும் வன்பூச்சுகள்

தமிழில் 'அரிப்பு' என்ற ஒரே சொல் இரண்டு வேறு காரியங்களைக் குறிக்கின்றது. அலைகள் கரையோர மணலை அள்ளிச் செல்வதைக் கடலரிப்பு என்கின்றோம். அதே கரையோரத்தில் உப்புக்காற்றுப் பட்டு யன்னல் கம்பி இற்றுப்போனால் அதனையும் அரிப்பு என்றே சொல்கின்றோம். முன்னையதில் நீரின் விசை பொருளைப் பெயர்த்தெடுக்கின்றது; பின்னையதில் பொருளே இரசாயன மாற்றம் அடைந்து வேறொன்றாகிவிடுகின்றது. பொறியியலாளர்கள் இவை இரண்டையும் நெடுங்காலமாகத் தனித்தனியே கணக்கிட்டு, பின்னர் கூட்டிப் பார்த்து வந்தனர். ஆனால், எண்ணெய், எரிவாயு, கடல்நீர், கனிமச் சேறு ஆகியவற்றைக் கொண்டுசெல்லும் உருக்குக் குழாய்களில் நிகழ்வது கூட்டல் கணக்கன்று. இரண்டும் ஒன்று மற்றொன்றுக்கு வழிவிட்டு, தனித்தனியே செய்யக்கூடிய சேதத்தைவிடப் பன்மடங்கு சேதத்தைச் செய்கின்றன. இக்கட்டுரையில் குழப்பத்தைத் தவிர்க்கும் பொருட்டு விசையால் நிகழ்வதைத் 'தேய்வு' என்றும், இரசாயனத்தால் நிகழ்வதை 'அரிப்பு' என்றும் குறிப்பிடுவோம்.

இந்தக் கூட்டுச் சேதம் எத்தகையது என்பதை விளங்கிக்கொள்ள பிரித்தானியாவில் நடந்த ஒரு விபத்தை எடுத்துக்கொள்ளலாம். 2001 ஆம் ஆண்டு ஏப்ரல் 16 ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறுக்கு மறுநாள், இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலுள்ள ஹம்பர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் எரிவாயுக் குழாயொன்று வெடித்தது. ஏறத்தாழ 15 சென்ரிமீற்றர் விட்டமுள்ள அக்குழாயின் வளைவுப் பகுதி திடீரெனப் பிளந்து, வெளியேறிய வாயு மேகமாகத் திரண்டு, அரை நிமிடத்துக்குள் தீப்பற்றியது. அன்று பொது விடுமுறை நாளாக இருந்தமையால் வழமையாக அங்கு பணிபுரிவோரில் ஒரு பகுதியினரே வளவுக்குள் இருந்தனர். உயிரிழப்பு எதுவும் ஏற்படாமைக்கு அதுவே முக்கிய காரணம்.

பிளந்த வளைவை ஆராய்ந்தபோது அதன் சுவர் ஏழெட்டு மில்லிமீற்றரிலிருந்து மூன்றில் ஒரு மில்லிமீற்றர் அளவுக்குத் தேய்ந்திருந்தமை தெரியவந்தது. ஒரு தடித்த அட்டையின் கனம் கூட அதற்கு இல்லை. காரணம் என்ன? குழாயின் உட்சுவரில் வாயுவிலிருந்த கந்தகச் சேர்வை இரும்புடன் தாக்கமுற்று இரும்புச் சல்பைட்டுப் படலமொன்றை இயல்பாகவே உருவாக்கியிருந்தது. அப்படலம் உருக்கைப் பாதுகாத்து வந்தது. நிலையத்தின் மூல வடிவமைப்பில் இல்லாத ஒரு நீர்ச்செலுத்தி பின்னர் அக்குழாயில் பொருத்தப்பட்டது. உப்புப் படிவுகளைக் கழுவி அகற்றுவதே அதன் நோக்கம். நீர் செலுத்தப்பட்ட இடம் வளைவிலிருந்து ஒரு மீற்றருக்கும் குறைந்த தொலைவிலேயே இருந்தது. வாயுவின் வேகத்தில் அடித்துச் செல்லப்பட்ட நீர்த்துளிகள் வளைவின் வெளிப்புறச் சுவரில் மோதிப் படலத்தைக் கழுவின. வெளிப்பட்ட உருக்கு அரிக்கப்பட்டது. புதிய படலம் தோன்றியது. அதனையும் நீர் கழுவியது. இருபது ஆண்டுகளாக அந்த வளைவின் தடிப்பை எவரும் அளந்து பார்த்திருக்கவில்லை. நிறுவனத்துக்கு 2005 ஆம் ஆண்டில் நீதிமன்றம் 8 இலட்சத்து 95 ஆயிரம் பவுண் தண்டம் விதித்தது.

இங்கு கவனிக்கத்தக்கது யாதெனில், அந்தக் குழாயில் மணல் இல்லை. வெறும் நீர்த்துளிகளே இவ்வளவையும் செய்தன. எண்ணெய்க் கிணறுகளிலிருந்து வரும் குழாய்களிலோ மணலும் சேர்ந்து வருகின்றது.

நிலத்தடியிலிருந்து மேலெழும் எண்ணெய் தூய எண்ணெயாக வருவதில்லை. அதனுடன் உப்புநீர், காபனீரொட்சைட்டு, சில இடங்களில் ஐதரசன் சல்பைட்டு, பாறையிலிருந்து உடைந்துவரும் மணல் ஆகியனவும் வருகின்றன. கிணறு மூப்படைய மூப்படைய எண்ணெயின் பங்கு குறைந்து நீரின் பங்கும் மணலின் பங்கும் கூடுவது வழமை. காபனீரொட்சைட்டு நீரில் கரைந்து காபோனிக்கமிலமாகின்றது. சோடாப் போத்தலில் இருக்கும் அதே மெல்லமிலம்தான். எனினும் உயர் அமுக்கத்தில், இடைவிடாது, ஆண்டுக்கணக்கில் உருக்கின் மீது அது பாயும்போது மில்லிமீற்றர் கணக்கில் தின்றுவிடுகின்றது.

இந்த அரிப்புக்கு இயற்கையே ஓர் அணையும் போடுகின்றது. வெப்பநிலை போதியளவு உயர்ந்திருந்தால், கரைந்த இரும்பு காபனேற்றுடன் சேர்ந்து இரும்புக் காபனேற்று என்னும் படலமாக உட்சுவரில் படிகின்றது. அடர்த்தியாகப் படிந்த அப்படலம் அமிலத்துக்கும் உருக்குக்கும் இடையே திரை போல நின்று அரிப்பின் வேகத்தைப் பெருமளவு குறைத்துவிடும். துருப்பிடிக்காத உருக்கு எனப்படும் வகையின் இரகசியமும் இதுவே. அதிலுள்ள குரோமியம் கண்ணுக்குத் தெரியாத ஒட்சைட்டுப் படலமொன்றை உண்டாக்கி, கீறல் விழுந்தால் உடனே தன்னைத் தானே மூடிக்கொள்கின்றது. ஆக, குழாயைக் காப்பது உருக்கன்று. உருக்கின் மீதுள்ள மிக மெல்லிய தோலே.

மணல் வந்து மோதுவது அந்தத் தோலின் மீதுதான். ஒரு மணற்றுகள் மோதும் ஒவ்வொரு தடவையும் படலத்தில் ஒரு புள்ளி பெயர்கின்றது. அப்புள்ளியில் உருக்கு நிர்வாணமாக அமிலத்தைச் சந்திக்கின்றது. படலம் மீண்டும் வளர்வதற்கு வேண்டிய நேரம், அடுத்த மணற்றுகள் வந்து மோதுவதற்கு ஆகும் நேரம் ஆகிய இரண்டுக்கும் இடையிலான ஓட்டப்போட்டியே குழாயின் ஆயுளைத் தீர்மானிக்கின்றது. மறுபுறத்தில் அரிப்பும் தேய்வுக்குத் துணைபோகின்றது. அரிக்கப்பட்ட மேற்பரப்பு கரடுமுரடாகின்றது. உலோகத்தின் மணிகளுக்கு இடையிலான பிணைப்புத் தளர்கின்றது. குழிகளில் சுழிகள் தோன்றி மணலை ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் அடிக்கச் செய்கின்றன. இவ்வாறு ஒன்றையொன்று வளர்க்கும் பங்கைத் தனியே பிரித்தளப்பதற்கென்றே அமெரிக்கப் பரிசோதனை நியமங்களில் ஜி 119 என்னும் வழிகாட்டி உள்ளது. ஒரே மாதிரியை முதலில் மணலுடன் அரிப்பைத் தடுத்தும், பின்னர் மணலின்றி அரிக்கும் நீரிலும், இறுதியில் இரண்டும் சேர்ந்த நிலையிலும் சோதித்து, முன்னைய இரண்டின் கூட்டுத்தொகையை இறுதியானதிலிருந்து கழித்தால் எஞ்சுவதே கூட்டுவிளைவு ஆகும்.

தேய்வின் கணக்கில் இரண்டு விடயங்கள் சாதாரண அனுபவத்துக்கு முரணாகத் தோன்றக்கூடியவை. முதலாவது வேகம். பாய்ச்சலின் வேகம் இருமடங்கானால் தேய்வும் இருமடங்காகும் என்றே எவரும் நினைப்பர். உண்மையில் அது நான்கு மடங்கிலிருந்து எட்டு மடங்கு வரை கூடுகின்றது. உற்பத்தியைச் சற்று உயர்த்துவோம் என்று வால்வைத் திறக்கும் முகாமையாளர் ஒருவர் தாம் எதனைச் செலவிடுகின்றார் என்பதை அறியாமலேயே செலவிடுகின்றார்.

இரண்டாவது மோதும் கோணம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இயன் ஃபின்னி 1960 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இத்துறையின் அத்திவாரமாகக் கருதப்படுகின்றது. உருக்குப் போன்ற இளகும் தன்மையுள்ள உலோகத்தில் நேர்குத்தாக மோதும் துகள் அதிகம் சேதம் செய்வதில்லை. 20 முதல் 30 பாகை வரையிலான சாய்கோணத்தில் உளி போல் சீவிச் செல்லும் துகளே மிகுந்த சேதத்தைச் செய்கின்றது. கண்ணாடி, மட்பாண்டம் போன்ற நொறுங்கும் பொருள்களிலோ இதற்கு நேர்மாறு. நேர்குத்தான மோதலே அவற்றை உடைக்கின்றது. வன்பூச்சு பற்றிய எந்த முடிவையும் எடுக்குமுன் இந்த வேறுபாட்டை மனதிற்கொள்ள வேண்டும். ஏனெனில் பூச்சு வன்மையாக ஆக, அது உருக்கின் குணத்தை விட்டு மட்பாண்டத்தின் குணத்தை நெருங்குகின்றது.

வன்பூச்சின் அடிப்படைத் தருக்கம் எளிமையானது. மணலின் பெரும்பகுதி குவாட்சு என்னும் கனியம். விக்கர்ஸ் அளவுகோலில் அதன் வன்மை சுமார் 1,100. குழாய் செய்யப்படும் சாதாரண உருக்கின் வன்மை 150 க்கும் 250 க்கும் இடைப்பட்டது. வெட்டும் பொருள் வெட்டப்படும் பொருளைவிட நான்கைந்து மடங்கு வன்மையாக இருக்கும்வரை அங்கு போட்டி என்று எதுவும் இல்லை. மேற்பரப்பின் வன்மையை மணலின் வன்மைக்கு நிகராகவோ அதற்கு மேலாகவோ உயர்த்திவிட்டால் நிலைமை மாறுகின்றது. துகள் சீவுவதற்குப் பதிலாகத் தெறித்துச் செல்கின்றது, அல்லது தானே உடைகின்றது. முழுக் குழாயையும் அத்தகைய பொருளால் செய்ய முடியாது. விலை ஒருபுறமிருக்க, அது வளையாது, உருக்கி ஒட்டுவதற்கு இணங்காது, அமுக்கம் திடீரென உயர்ந்தால் கண்ணாடி போல் வெடிக்கும். எனவே, உடலுக்கு உருக்கின் வலிமையும் தோலுக்கு மட்டும் வன்மையும் என்பதே வழி.

பழைய காலத்து விடை குரோமிய முலாம். மின்பகுப்பு முறையில் பூசப்படும் இந்த முலாம் 800 முதல் 1,000 வரை வன்மை உடையது. பார்வைக்குக் கண்ணாடி போல் மின்னும். ஆனால் நுணுக்குக்காட்டியில் பார்த்தால் வெடித்த குளத்துத் தரை போலக் கோடு கோடாகப் பிளவுகள் தெரியும். அமிலநீர் அப்பிளவுகள் ஊடாக இறங்கி உருக்கைத் தொட்டுவிடும். அத்துடன் முலாமிடும் தொட்டியிலுள்ள ஆறு வலுவுள்ள குரோமியம் புற்றுநோயை உண்டாக்கும் பொருளாகும். ஐரோப்பிய ஒன்றியம் 2017 ஆம் ஆண்டு செப்டெம்பர் முதல் சிறப்பு அனுமதியின்றி அதனைப் பயன்படுத்துவதைத் தடைசெய்துள்ளது. தொழிலாளரின் நுரையீரலைக் கொடுத்துக் குழாயின் நுரையீரலைக் காப்பதில் நியாயம் இல்லை அல்லவா?

குரோமியத்தின் இடத்தைப் பல துறைகளில் பிடித்திருப்பது தங்ஸ்தன் காபைட்டுப் பூச்சு. ஒட்சிசனுடன் மண்ணெண்ணெயோ ஐதரசனோ எரியும் துப்பாக்கி போன்ற கருவியொன்றினுள் காபைட்டுத் தூள் செலுத்தப்படுகின்றது. வெளியேறும் தீச்சுவாலை ஒலியின் வேகத்தை விஞ்சியது. தூள், முழுமையாக உருகாமல், செக்கனுக்குப் பல நூறு மீற்றர் வேகத்தில் உருக்கின் மீது அறைந்து அப்பிக்கொள்கின்றது. நன்கு செய்யப்பட்ட பூச்சில் நுண்துளைகளின் பங்கு ஒரு வீதத்துக்கும் குறைவு. வன்மை 1,100 இலிருந்து 1,400 வரை. தடிப்போ அரை மில்லிமீற்றர் கூட இல்லை. விமானங்களின் தரையிறங்கு சில்லுத் தொகுதியில் குரோமிய முலாமுக்குப் பதிலாக இதுவே பயன்படத் தொடங்கியிருக்கின்றது.

ஆனால் இப்பூச்சினுள்ளும் ஒரு பலவீனம் ஒளிந்திருக்கின்றது. காபைட்டு மணிகள் தாமாக ஒட்டிக்கொள்வதில்லை. கோபாற்று என்னும் உலோகம் அவற்றைப் பிணைக்கின்றது. கருங்கல் மதிலில் கல்லும் சாந்தும் போன்ற ஏற்பாடு இது. கல்லை மணலால் அசைக்க முடியாது. ஆனால், உப்புநீரும் அமிலமும் சாந்தைக் கரைத்துவிட்டால் கல் தானாகவே விழுந்துவிடும். வெறும் கோபாற்றுப் பிணைப்புள்ள பூச்சு வரண்ட சூழலில் பல்லாண்டு நின்று, கடல்நீரில் விரைவாகத் தோற்றுப்போவது இதனாலேயே. கோபாற்றுடன் நான்கு வீதம் குரோமியம் சேர்த்தால் சாந்தும் தன்மேல் ஒரு காப்புப் படலத்தை வளர்த்துக்கொள்கின்றது. ஈரமான சூழலுக்கு இந்தக் கலவையே பெரிதும் விரும்பப்படுகின்றது. தேய்வை மட்டும் பரிசோதித்துவிட்டுப் பூச்சைத் தெரிவுசெய்வது எவ்வளவு தவறானது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

அடுத்துள்ள இடையூறு மிகவும் சாதாரணமானது, ஆயினும் பெரியது. தெளிப்புத் துப்பாக்கி தான் நேரே பார்க்கும் மேற்பரப்பில் மட்டுமே பூச முடியும். பம்பியின் சுழலியையோ வால்வின் தட்டையோ பூசலாம். பத்துச் சென்ரிமீற்றர் விட்டமும் பத்து மீற்றர் நீளமும் உள்ள குழாயின் உட்புறத்தை எவ்வாறு பூசுவது? குழாயினுள் செலுத்தக்கூடிய சிறு துப்பாக்கிகள் இருக்கின்றன. ஆயினும் குறுகிய விட்டத்துக்குள் சுவாலைக்குப் போதிய தூரம் கிடையாது. பூச்சின் தரம் இறங்கிவிடும்.

இதற்கு விடையாக அமைந்த ஒரு முறை தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்டது என்பது சுவையான செய்தி. அமெரிக்க தேசிய நியமங்கள் பணியகத்தில் பணியாற்றிய ஏப்னர் பிரெனர், கிரேஸ் றிடெல் ஆகிய இருவரும் குழாய்களின் உட்புறத்தில் மின்பகுப்பால் நிக்கல் கலப்புலோகம் பூச முயன்றுகொண்டிருந்தனர். கரைசலில் சோடியம் ஐப்போபொசுபைற்று என்னும் உப்பைச் சேர்த்தபோது, செலுத்திய மின்னுக்குரிய அளவைவிடக் கூடுதலான உலோகம் படிந்திருக்கக் கண்டனர். வினைத்திறன் நூறு வீதத்தைத் தாண்டுவது இயலாத காரியம். ஆகவே மின்னின்றியே உலோகம் படிகின்றது என்ற முடிவுக்கு வந்தனர். 1946 இல் வெளியான அக்கண்டுபிடிப்பே இன்று மின்னில்லா நிக்கல் பூச்சு எனப்படுகின்றது. கரைசல் எங்கெல்லாம் செல்கின்றதோ அங்கெல்லாம் ஒரே சீரான தடிப்பில் நிக்கலும் பொசுபரசும் கலந்து படிகின்றன. வளைவின் உட்புறமும் மரையின் பள்ளமும் அதற்கு விலக்கல்ல.

பொசுபரசு பத்து வீதத்துக்கு மேல் இருந்தால் இப்பூச்சு பளிங்குருவற்ற, கண்ணாடியை ஒத்த கட்டமைப்பைப் பெற்று, அரிப்பை நன்கு எதிர்க்கின்றது. ஆனால் அதன் வன்மை 500, 600 அளவிலேயே நிற்கும். குவாட்சுக்கு முன் அது போதாது. ஏறத்தாழ 400 பாகை செல்சியசில் சூடாக்கினால் வன்மை 900 ஐத் தாண்டும். சூடாக்கும்போதோ பூச்சு பளிங்காகிச் சுருங்கி நுண்ணிய வெடிப்புகள் தோன்றுகின்றன, அரிப்பெதிர்ப்பு குறைகின்றது. தேய்வுக்குக் கொடுத்தால் அரிப்பிடமிருந்து எடுக்க வேண்டும் என்ற இந்த இழுபறி, இத்துறையில் எந்தப் பூச்சைத் தொட்டாலும் ஏதோவொரு வடிவில் வந்தே தீரும்.

பூசுவதற்குப் பதிலாக, உருக்கின் மேற்பரப்பையே வேறொன்றாக மாற்றும் வழியும் உண்டு. குழாயினுள் போரன் சேர்ந்த தூளை நிரப்பி உலையில் சூடாக்கினால் போரன் அணுக்கள் உருக்கினுள் ஊடுருவி இரும்புப் போரைட்டாகின்றன. அதன் வன்மை குவாட்சை விஞ்சியது. வேர் இறங்கியது போல உருக்குடன் பிணைந்திருப்பதால் உரிந்துவருவதில்லை என்பது இதன் சிறப்பு. கிணற்றுக்குள் இறக்கும் நீண்ட குழாய்களின் உட்புறத்துக்கு இம்முறை பயன்படுத்தப்படுகின்றது. உலையின் சூடு உருக்கின் உள்வலிமையைப் பாதிக்கக்கூடும் என்பதால் பின்னர் மீண்டும் பதப்படுத்த வேண்டியிருக்கும்.

இனி, வன்பூச்சுகள் பற்றி விற்பனையாளர்கள் அதிகம் பேசாத விடயம் ஒன்றுக்கு வருவோம். பூச்சில் ஒரு துவாரம் விழுந்தால் என்ன நடக்கும்? துத்தநாகம் பூசிய தகரத்தில் கீறல் விழுந்தால் துத்தநாகமே முதலில் கரைந்து இரும்பைக் காக்கின்றது. துத்தநாகம் இரும்பைவிடத் தாக்கம் கூடிய உலோகம் என்பதே காரணம். நிக்கல் போன்றவையோ இரும்பைவிடத் தாக்கம் குறைந்தவை. அவற்றின் பூச்சில் ஊசித்துவாரம் ஒன்று விழுந்தால், பரந்த பூச்சு முழுவதும் கதோட்டாகவும், துவாரத்தின் அடியில் தெரியும் கடுகளவு உருக்கு அனோட்டாகவும் தொழிற்படும். முழுப் பரப்பின் மின்னிரசாயனப் பசிக்கும் அந்தக் கடுகளவு இடமே இரையாக வேண்டும். பூச்சே இல்லாத குழாய் பரவலாக மெலியும். ஓட்டையுள்ள பூச்சுடைய குழாய் ஒரே இடத்தில் துளைபடும். பின்னையது முந்திக்கொள்ளவும் கூடும். தரம் குறைந்த பூச்சைவிடப் பூச்சின்மை மேல் என்று அனுபவமுள்ள பொறியியலாளர்கள் கூறுவது மிகையன்று.

குழாய்களை ஒன்றுடன் ஒன்று உருக்கி ஒட்டும் மூட்டுகள் இன்னொரு பலவீனம். தொழிற்சாலையில் எவ்வளவு கவனமாகப் பூசினாலும், வயல்வெளியில் ஒட்டும்போது மூட்டை அண்டிய பூச்சு எரிந்துபோகின்றது. வெப்பத்தால் உருக்கு விரிவதில் பாதியளவே காபைட்டுப் பூச்சு விரிகின்றது. அதனால், சூடேறி ஆறும் சுழற்சி மிகுந்த இடங்களில் அது உரியவும் கூடும். நீண்ட குழாய்ப்பாதை முழுவதையும் வன்பூச்சால் காப்பது என்பது இன்றுவரை நடைமுறைக்கு உகந்ததாக இல்லை. வளைவுகள், வால்வுகள், பம்பிகள், அமுக்கத்தைக் குறைக்கும் நெரிகருவிகள் ஆகிய தேர்ந்த இடங்களே அதன் களம்.

களத்தில் வெற்றி கண்ட உதாரணங்கள் இல்லாமலில்லை. இந்தியாவின் இமாச்சலப் பிரதேசத்தில் சட்லெஜ் ஆற்றின் மீதுள்ள நாத்பா ஜாக்ரி நீர்மின் நிலையம் 1,500 மெகாவாற்று வலுவுடையது. இமயத்திலிருந்து மழைக்காலத்தில் இறங்கிவரும் நீரிலுள்ள குவாட்சு வண்டல், 2000களின் தொடக்கத்தில் இயங்கத் தொடங்கிய அதன் சுழலிகளைக் கடித்துக் குதறியது. அதன்பின் காபைட்டு வன்பூச்சு அங்கு வழமையான பாதுகாப்பாகிவிட்டது. அப்படியிருந்தும் நீரில் வண்டலின் அளவு குறித்த எல்லையைத் தாண்டினால் நிலையத்தை நிறுத்திவிடுகின்றனர். பூச்சை நம்பியும் வண்டலை அஞ்சியும் நடப்பதே அவர்களது கொள்கை.

கனடாவின் அல்பேர்ட்டா மாநிலத்தில் எண்ணெய் மணலை நீருடன் கலந்து குழாய்களில் அனுப்புகின்றனர். பெரிய, கனமான துகள்கள் குழாயின் அடிப்பகுதியில் உருண்டு செல்வதால் அடிச்சுவரே முதலில் தேய்கின்றது. அங்கு கையாளப்படும் ஓர் உபாயம் மிகவும் எளிமையானது: குறித்த கால இடைவெளியில் குழாயைச் சற்றுச் சுழற்றிவைத்து, தேயாத பக்கத்தை அடிக்குக் கொண்டுவருகின்றனர். மாட்டு வண்டிச் சில்லைத் திருப்பிப் பூட்டிய நம் முன்னோர் இதனை உடனே விளங்கிக்கொண்டிருப்பர். உட்புறத்தில் குரோமியக் காபைட்டு உருக்கிப் படியவைத்த குழாய்களையும், நேர்மாறாக இறப்பரோ பொலியுறெத்தேனோ பதித்த குழாய்களையும் கூட அங்கே காணலாம். சிறு துகள்கள் மிதமான வேகத்தில் வரும்போது, எதிர்த்து நிற்கும் கல்லைவிட இணங்கிக் கொடுக்கும் இறப்பர் கூடுதல் காலம் நிலைப்பதுண்டு. கூரிய பெருங்கல் ஒன்று அதனைக் கிழித்துவிட்டாலோ கதை அத்துடன் முடிந்தது.

வடிவமைப்பாலேயே சேதத்தைக் குறைக்கும் வழிகளும் உள்ளன. கூர்மையான வளைவுக்குப் பதிலாக நீண்ட வளைவை அமைக்கலாம். ஒரு முனை மூடிய மூவழி இணைப்பை வளைவின் இடத்தில் பொருத்தினால், மூடிய பொந்தினுள் தேங்கும் திரவமே மெத்தையாக நின்று மணலின் மோதலைத் தாங்கிக்கொள்ளும். வளைவின் வெளிப்புறத்தில் ஒலியுணரி ஒன்றைக் கட்டிவிட்டால் மணல் மோதும் சத்தத்தைக் கொண்டு அதன் அளவை மதிப்பிடலாம். பூச்சின் விலையோடு ஒப்பிடுகையில் இவை அற்பச் செலவு.

எல்லா இடத்துக்கும் வன்பூச்சு மருந்தாகாது என்பதை ஜப்பானின் மிஹாமா அணுமின் நிலைய விபத்து காட்டியது. 2004 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 9 ஆம் திகதி அதன் மூன்றாவது உலையின் நீர்க்குழாய் ஒன்று வெடித்து, கொதிநீரும் நீராவியும் பீறிட்டதில் ஐந்து தொழிலாளர்கள் உயிரிழந்தனர். ஆறு பேர் காயமுற்றனர். கதிரியக்கம் கலவாத இரண்டாம் சுற்றுக் குழாய் அது. மணலோ அமிலமோ அங்கில்லை; தூய சூடான நீர் மட்டுமே. பாய்ச்சலை அளக்கும் துவாரத் தகட்டுக்கு அப்பால் தோன்றிய கொந்தளிப்பு, உருக்கின் ஒட்சைட்டுப் படலத்தைத் தொடர்ந்து கரைத்துச் சென்றது. பத்து மில்லிமீற்றர் தடிப்பாக இருந்த சுவர் ஒன்றரை மில்லிமீற்றருக்கும் குறைந்துவிட்டது. நிலையம் 1976 இல் இயங்கத் தொடங்கியது முதல் அந்த இடம் ஒரு தடவையேனும் பரிசோதிக்கப்படவில்லை. பரிசோதனைப் பட்டியலில் அது விடுபட்டிருந்தது. சில நாள்களில் தொடங்கவிருந்த திருத்தவேலைக்கான ஆயத்தங்களில் ஈடுபட்டிருந்தவர்களே இறந்தனர். இவ்வகைச் சேதத்துக்குப் பூச்சு தேவையில்லை. உருக்கில் சிறிதளவு குரோமியம் கலந்திருந்தாலே அதன் வேகம் வெகுவாகக் குறையும் என்பது அறியப்பட்ட உண்மை. அமெரிக்காவின் சறி அணுமின் நிலையத்தில் 1986 டிசெம்பரில் நால்வரைப் பலிகொண்ட குழாய் வெடிப்பும் இதே வகையைச் சேர்ந்ததே. பதினெட்டு ஆண்டுகளில் அந்தப் பாடம் மிஹாமாவின் அந்தக் குழாயைச் சென்றடையவில்லை.

வேகத்தைக் குறைத்துவிட்டால் போதும் என்றும் சொல்வதற்கில்லை. அலாஸ்காவின் புறுடோ குடாவில் 2006 மார்ச்சில் இரண்டு இலட்சம் கலனுக்கும் அதிகமான எண்ணெய் பனிநிலத்தில் கசிந்தது. அங்கு உற்பத்தி வீழ்ச்சியுற்றுப் பாய்ச்சல் மந்தமானதால் குழாயின் அடியில் சேறும் நீரும் தங்கி, அதனடியில் பக்ரீரியாக்கள் பெருகி உருக்கை அரித்திருந்தன. துளையின் அளவு ஒரு வாதுமைப் பருப்பின் அளவே.

நமது நாட்டிலும் 1969 இல் தொடங்கப்பட்ட சப்புகஸ்கந்தை எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வேண்டிய மசகு எண்ணெய், கொழும்புக்கு அப்பால் கடலில் மிதக்கும் நங்கூர மிதவையிலிருந்து கடலடிக் குழாய் வழியாகவே கரைக்கு வருகின்றது. நுரைச்சோலை அனல்மின் நிலையம் கடல்நீரால் குளிரூட்டப்படுகின்றது. மன்னார்ப் படுகையில் 2011 இல் கண்டறியப்பட்ட இயற்கை வாயு என்றேனும் வெளியே எடுக்கப்படுமாயின் அதுவும் கடலடிக் குழாயிலேயே வரவேண்டும். இவை யாவும் மக்கள் குடியிருப்புகளுக்கும் மீன்பிடிக் கடலுக்கும் அண்மையில் உள்ளவை. அத்துடன் வடக்கு, கிழக்கு, மலையகம், தென்னிலங்கை என்ற பேதமின்றி நம் இளைஞர்கள் பலர் வளைகுடா நாடுகளின் எண்ணெய் வயல்களிலும் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையங்களிலும் தொழில் புரிகின்றனர். ஹம்பரில் தப்பியவர்களும் மிஹாமாவில் இறந்தவர்களும் செய்துகொண்டிருந்த அதே வகை வேலைகளையே அவர்களும் செய்கின்றனர்.

கேள்விப்பத்திரங்களில் 'உயர்தர வன்பூச்சு' என்று ஒற்றை வரியில் எழுதிவிடுவதே பல இடங்களில் காணப்படும் வழக்கம். வன்மை எண் ஒன்றை மட்டும் கேட்டால் விற்பவர் அதனைக் காட்டிவிடுவார். கேட்க வேண்டியவை வேறு: பூச்சின் நுண்துளை வீதம் என்ன, உருக்குடன் அதன் ஒட்டுவலிமை எவ்வளவு, மணலும் உப்புநீரும் சேர்ந்த நிலையில் அது பரிசோதிக்கப்பட்டதா, பிணைப்பு உலோகம் எது, ஒட்டு மூட்டுகளை எவ்வாறு காக்கப் போகின்றீர்கள், குழாயின் தடிப்பை எந்தெந்த இடங்களில் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை அளப்பீர்கள். இறுதியாகச் சொன்ன அளவீட்டுக்குத் தேவையான மீயொலிக் கருவி கையில் அடங்கக்கூடியது. அதன் நுனியைக் குழாயின் வெளிப்புறத்தில் வைத்தால் சில செக்கன்களில் சுவரின் தடிப்பு திரையில் தெரியும். பூசப்பட்ட குழாயில் அக்கருவி பூச்சையும் சேர்த்து அளந்துவிடக் கூடுமாகையால், பூசிய அன்றே முதல் அளவை எடுத்துப் பதிவு செய்து, வளைவு ஒவ்வொன்றுக்கும் இலக்கமிட்டு வைக்க வேண்டும். பின்னாளில் நீர்ச்செலுத்தி போன்ற ஏதேனும் ஒன்று புதிதாகப் பொருத்தப்பட்டால், அதற்கு அடுத்துள்ள வளைவும் அன்றே அந்தப் பட்டியலில் சேர்க்கப்பட வேண்டும்.